ஒன்பது கிலோ எங்கே போனது?

வாசகி கடிதம்: வணக்கம் மேடம். அப்பாவுக்கு 61 வயது, விருதுநகரில் மளிகைக் கடை வைத்திருக்கிறார். முதுகு வலி என்று ஆரம்பித்து, கடைசியில் மல்டிபிள் மைலோமா என்ற ரத்தப் புற்றுநோய் என்று சொல்லிவிட்டார்கள். வாரம் ஒரு போர்ட்டிசோமிப் ஊசி, லெனலிடோமைடு மாத்திரை, ஊசி அன்று காலையில் டெக்ஸா மாத்திரை. ஆரம்பித்து மூன்று மாதம் ஆகிறது. ரிப்போர்ட்டில் எம் புரோட்டீன் அதிகம் என்று இருந்ததால் பருப்பு, முட்டை, கறி, மீன் எல்லாவற்றையும் நிறுத்தினோம். கால்சியமும் அதிகம் என்றார்கள், பாலை நிறுத்தினோம். சர்க்கரைதான் கேன்சருக்குச் சாப்பாடு என்று சித்தப்பா வாட்ஸ்அப்பில் அனுப்பினார், சாதத்தையும் பாதியாகக் குறைத்தோம். காலையில் கோதுமைப்புல் சாறு, பப்பாளி இலைச் சாறு, அப்புறம் மூன்று வேளை கிரீன் டீ. பெரியம்மா மட்டும் வாரம் ஒரு நாள் சுவரொட்டி, அதாவது ஆட்டு மண்ணீரல், வாங்கி வருகிறார், ரத்தம் ஊறுமாம். 68 கிலோ இருந்தவர் இப்போது 59. சிறுநீரக டெஸ்டில் கிரியாட்டினின் 1.3, வெள்ளை அணுக்கள் 4,200. என்ன சாப்பிட்டால் அப்பா அதிக நாள் இருப்பார்? நேற்று எண்ணெய் பரோட்டா கேட்டார். கொடுக்கலாமா? பெயர் வேண்டாம்.

பதில்:

வணக்கம்மா. உங்கள் கடிதத்தில் மருந்தின் பெயர், ரிப்போர்ட் எல்லாம் இருக்கிறது, ஆனால் என்னைப் பயமுறுத்தியது 68, 59 என்ற அந்த இரண்டு எண்கள்தான். மூன்று மாதத்தில் ஒன்பது கிலோ, அதாவது உடல் எடையில் நூற்றுக்கு 13 பங்கு. ஆறு மாதத்தில் நூற்றுக்கு பத்து குறைந்தாலே நாங்கள் சிவப்பு மையால் வட்டம் போடுவோம். இதில் நோயின் பங்கும் உண்டு, மருந்தின் பங்கும் உண்டு, ஆனால் நீங்கள் எழுதியதைப் படித்தால் பெரும்பகுதி உங்கள் வீட்டுச் சமையலறையில்தான் போயிருக்கிறது. கோபித்துக்கொள்ளாதீர்கள். பாசத்தில் செய்ததுதான், அது எனக்குத் தெரியும். பாசத்தில் பட்டினி போட்ட வீடுகளை நான் நிறைய பார்த்திருக்கிறேன்.

நானே அந்தத் தப்பைச் செய்தவள். ரத்தப் புற்றுநோய் வார்டில் உணவு ஆலோசகராகச் சேர்ந்த புதிதில் 'சாப்பிடக் கூடாதவை' என்று ஒரு தாளை டைப் செய்து நகல் எடுத்து எல்லோருக்கும் கொடுப்பேன், அதில் முப்பது முப்பத்தைந்து பொருள்கள் இருக்கும். ஒரு பெரியவர் அதை அப்படியே கடைப்பிடித்தார். கடைசியில் அவர் தட்டில் மிஞ்சியது கஞ்சியும் உப்பும்தான், ஐந்து வாரம் கழித்து வந்தபோது நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழ முடியவில்லை. அடுத்த சுற்று மருந்தை டாக்டர் தள்ளிப் போட்டார். அன்றோடு அந்தத் தாளைக் கிழித்துவிட்டேன். இப்போது யார் வந்தாலும் முதலில் கேட்பது "என்ன சாப்பிடுகிறீர்கள்", "எதைத் தவிர்க்கிறீர்கள்" என்பது அப்புறம்தான்.

சரி, நீங்கள் நிறுத்தியவற்றை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

எம் புரோட்டீன். இந்தப் பெயரால் எத்தனை வீட்டில் பருப்பு டப்பாவை மூடி வைத்திருக்கிறார்கள் தெரியுமா. நாம் சாப்பிடும் புரதத்துக்கும் அதற்கும் பெயர்ப் பொருத்தம் மட்டும்தான். நம் எலும்பு மஜ்ஜையில் பிளாஸ்மா செல் என்று ஒரு வகை உண்டு, கிருமிகளை எதிர்க்கும் ஆன்டிபாடிகளைத் தயாரிப்பது அதன் வேலை. மைலோமாவில் அதில் ஒரு செல் கெட்டுப்போய், பெருகிப் பெருகி, எதற்கும் உதவாத ஒரே ஆன்டிபாடியைக் கணக்கில்லாமல் தயாரித்துத் தள்ளுகிறது. அதுதான் எம் புரோட்டீன். அப்பாவுக்குப் புரியும்படி கடைக் கணக்கில் சொல்கிறேன்: ஒரே தப்பு பில்லை ஓயாமல் அச்சடிக்கும் மெஷின் ஒன்று கடையில் மாட்டிக்கொண்டது. பேப்பர் வாங்கித் தராவிட்டால் அது நிற்காது, கணக்குப் புத்தகத்தைக் கிழித்து அதில் அச்சடிக்கும். அந்தக் கணக்குப் புத்தகம் அப்பாவின் தசை. முட்டையை நிறுத்தினால் எம் புரோட்டீன் இறங்காது, தொடை மெலியும். மெஷினை நிறுத்துவது ஊசியும் மாத்திரையும் செய்கிற வேலை.

பால் கதையும் இதே மாதிரிதான். ரத்தத்தில் கால்சியம் ஏறியிருந்தது பால் குடித்ததால் அல்ல, நோய் எலும்பைக் கரைத்து கால்சியத்தை ரத்தத்தில் கொட்டியதால். முதுகு வலி வந்ததும் அந்தக் கரைந்த எலும்பில்தான். முதலில் ஏறியிருந்த கால்சியம் சிகிச்சை ஆரம்பித்த பிறகு பெரும்பாலும் இறங்கிவிடும், அதற்கப்புறம் எலும்பைக் காக்க ஜோலெட்ரானிக் ஆசிட் ஊசி போட்டால் நிலைமை தலைகீழாகி, கால்சியம் போதாமல் போகும் ஆபத்து வரும், அதனால்தான் அந்த ஊசியோடு கால்சியமும் வைட்டமின் டியும் சேர்த்து எழுதிக் கொடுப்பார்கள். கடைசி ரிப்போர்ட்டில் கால்சியம் எவ்வளவு என்று பாருங்கள். சாதாரண அளவுக்குள் இருந்தால் பாலும் தயிரும் இன்றே வீட்டுக்குள் வரட்டும். இன்னும் அதிகமாகவே இருந்தால், அது டாக்டரிடம் உடனே சொல்ல வேண்டிய விஷயம்.

இப்போது சித்தப்பாவின் சர்க்கரை. அவரை ஒரேயடியாகத் தப்பு சொல்ல மாட்டேன், அந்தச் செய்திக்குள் ஒரு துளி உண்மை இருக்கிறது. பல புற்றுநோய் செல்கள் குளுக்கோஸை வேகமாக இழுக்கும் என்பதை ஜெர்மானிய விஞ்ஞானி ஆட்டோ வார்பர்க் 1920களிலேயே சொன்னார், பெட் ஸ்கேனில் சர்க்கரை போன்ற ஒரு பொருளை ஊசியில் ஏற்றிப் படம் எடுப்பதும் அந்த அடிப்படையில்தான். அங்கிருந்து 'சர்க்கரையை நிறுத்தினால் கேன்சர் பட்டினி கிடந்து சாகும்' என்று தாவுவதுதான் பிரச்சினை. அப்பா ஒரு பருக்கை சாதம் சாப்பிடாவிட்டாலும் அவர் ரத்தத்தில் சர்க்கரை இருந்துகொண்டேதான் இருக்கும், மூளைக்கு அது வேண்டும், கல்லீரல் அதைத் தயாரித்துக்கொண்டே இருக்கும், எதிலிருந்து? கையிருப்பு தீர்ந்ததும் மறுபடியும் தசையிலிருந்துதான். பட்டினி கிடப்பது அப்பா, கேன்சர் இல்லை.

ஆனால் சர்க்கரையைக் கவனிக்க வேறொரு காரணம் இருக்கிறது, அதைச் சித்தப்பா அனுப்பவில்லை. டெக்ஸா என்பது ஸ்டீராய்டு. காலையில் போட்டால் அன்று மத்தியானத்துக்கு மேல் சர்க்கரை எகிறும், மறுநாளும் நீடிக்கலாம், இதுவரை சர்க்கரை நோயே இல்லாதவருக்கும் 250, 300 போகலாம். காலை வெறும் வயிற்றில் மட்டும் பார்த்தால் இது கண்ணில் படாது. ஊசி நாளில் மத்தியானம் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து ஒரு தடவை குளுக்கோமீட்டரில் பாருங்கள். அதிகமாக இருந்தால் டாக்டரிடம் சொல்லி மருந்து கேளுங்கள், அந்த இரண்டு நாள் மட்டும் இனிப்பு, ஜூஸ், பாயசம் வேண்டாம், சாதத்தைக் கொஞ்சம் குறைத்துப் பருப்பையும் காயையும் கூட்டுங்கள். மற்ற ஐந்து நாள் சாதம் சாதமாகவே இருக்கட்டும். இன்னொன்று, டெக்ஸாவை வெறும் வயிற்றில் கொடுக்காதீர்கள், வயிறு எரியும், ராத்திரி போட்டால் தூக்கமும் போகும். காலைச் சாப்பாட்டோடு போட வேண்டிய மாத்திரை அது.

அடுத்தது நீங்கள் சேர்த்தவை. உண்மையைச் சொன்னால் நிறுத்தியவற்றைவிட இதுதான் எனக்கு அவசரமாகப் படுகிறது, அதிலும் கிரீன் டீ.

கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். கிரீன் டீயில் இருக்கும் இஜிசிஜி என்ற பொருள் போர்ட்டிசோமிப்பின் மூலக்கூறில் போய் ஒட்டிக்கொண்டு அதை வேலை செய்யவிடாமல் முடக்குகிறது என்று 2009ல் 'பிளட்' என்ற மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது. சோதனைக் குழாயிலும் எலிகளிலும் செய்த ஆய்வுதான், மனிதர்களிடம் இல்லை. அதே ஆண்டு வைட்டமின் சி பற்றியும் அதே மாதிரி இன்னொரு ஆய்வு வந்தது. எலியில்தானே என்று நீங்கள் கேட்கலாம். ஆனால் யோசித்துப் பாருங்கள்: ஒரு பக்கம் அப்பாவின் உயிரைப் பிடித்து வைத்திருக்கும் மருந்து, இன்னொரு பக்கம் ஒரு கப் கசப்புத் தண்ணீர். இதில் எதற்கு ரிஸ்க் எடுப்பீர்கள்? போர்ட்டிசோமிப் ஓடும் வரை கிரீன் டீயும், அதன் சாரம் அடைத்த மாத்திரைகளும் வேண்டாம். 500 மில்லிகிராம் வைட்டமின் சி மாத்திரையும் தினம் ஒரு டம்ளர் நெல்லிக்காய்ச் சாறும் இதே வரிசைதான். சாம்பாரில் தக்காளி, சாதத்தில் எலுமிச்சை, ஒரு ஆரஞ்சு, ஒரு துண்டு நெல்லிக்காய் ஊறுகாய் இதற்கெல்லாம் பயப்படத் தேவையில்லை. காலையில் வழக்கமான காபியோ டீயோ குடிப்பவர் என்றால் ஒரு டம்ளர் குடிக்கட்டும், அதையும் பிடுங்கிவிட்டால் மனுஷனுக்கு விடிந்ததற்கே அடையாளம் இருக்காது.

கோதுமைப்புல் சாறும் பப்பாளி இலைச் சாறும் மைலோமாவில் ஆயுளைக் கூட்டும் என்பதற்கு ஆதாரம் கிடையாது. பப்பாளி இலை டெங்கு காலத்தில் பிளேட்லெட்டுக்காக எல்லா வீட்டிலும் அரைக்கப்பட்டது, அந்தப் பழக்கத்தில் இதற்கும் வந்துவிட்டது. டெங்குவில் பிளேட்லெட் குறையும் காரணம் வேறு, உங்கள் அப்பாவுக்குக் குறைந்தால் அதன் காரணம் வேறு. பச்சையாக அரைத்த இலை, காய்ச்சாத தண்ணீர், காலையில் வெறும் வயிற்றில் குமட்டல், அதனால் இட்லி இறங்காமல் போவது என்று நஷ்டம்தான் அதிகம். சீந்தில் கொடியையும் யாராவது சிபாரிசு செய்வார்கள், அதைச் சாப்பிட்டுக் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றி மும்பை மருத்துவர்கள் 2021ல் எழுதியிருக்கிறார்கள். பற்பம், செந்தூரம் என்று உலோகம் சேர்ந்தவை வேண்டவே வேண்டாம், மைலோமாவில் சிறுநீரகம் ஏற்கெனவே அடி வாங்கும் உறுப்பு. அதே காரணத்துக்காக, முதுகு வலிக்கிறது என்று கடையில் டைக்ளோஃபினாக் மாதிரி வலி மாத்திரை வாங்கிப் போடாதீர்கள், வலிக்கு என்ன போடலாம் என்று டாக்டரைக் கேளுங்கள். மஞ்சள் குழம்பில் இருக்கட்டும், கேப்சூலில் வேண்டாம். லெனலிடோமைடோடு ரத்தம் உறையாமலிருக்க ஆஸ்பிரினோ வேறு மருந்தோ கொடுத்திருப்பார்கள், அதோடு மஞ்சள், பூண்டுச் சாரக் கேப்சூல்களும் சேர்ந்தால் ரத்தக் கசிவு ஆபத்து கூடும்.

பெரியம்மாவிடம் நான் பேச முடியாது, நீங்கள்தான் பக்குவமாகச் சொல்ல வேண்டும். சுவரொட்டியில் இரும்புச்சத்து ஏராளம், இரும்புக் குறைபாட்டால் வந்த ரத்தசோகைக்கு அது நல்ல உணவு, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அப்பாவுக்கு ரத்தம் குறைவது பெரும்பாலும் இரும்பு இல்லாததால் இருக்காது. மஜ்ஜையில் இடத்தை எல்லாம் கெட்ட செல்கள் பிடித்துக்கொண்டதால். இதற்கிடையில் ரத்தம் ஏற்றியிருந்தால், ஒவ்வொரு பாட்டிலோடும் 200 முதல் 250 மில்லிகிராம் இரும்பு உள்ளே போகிறது, உடம்பு ஒரு நாளைக்கு வெளியேற்றுவது ஒன்றிரண்டு மில்லிகிராம்தான். பத்து பதினைந்து பாட்டில் ஏற்றியவருக்கு இரும்பு டானிக்கும் சுவரொட்டியும் சேர்ந்தால், வேண்டாத இடத்தில் மேலும் இரும்பு சேரும். மாதம் ஒரு நாள் ஆசைக்கு இரண்டு துண்டு சாப்பிட்டால் தப்பில்லை, நன்றாக வெந்திருக்க வேண்டும், யூரிக் ஆசிட் அதிகம் என்று சொல்லியிருந்தால் அதுவும் வேண்டாம். பெரியம்மா அந்தக் காசுக்கு அயிரை மீனோ நாட்டுக்கோழி முட்டையோ வாங்கி வரட்டும், அவருக்கும் திருப்தி, அப்பாவுக்கும் புரதம். பருப்பையும் முட்டையையும் நிறுத்திவிட்டு ஆட்டின் மண்ணீரலை மட்டும் மருந்து என்று விட்டுவைத்திருக்கிறீர்கள் பாருங்கள், படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, மன்னிக்கவும்.

இனி உங்கள் உண்மையான கேள்வி. என்ன சாப்பிட்டால் அப்பா அதிக நாள் இருப்பார்?

மைலோமாவில் ஆயுளைப் பெரிதாக மாற்றியது மருந்துகள். இந்த நோய்க்குத் தாலிடோமைடு பயன்படும் என்று 1999ல் தெரிந்தது, போர்ட்டிசோமிப் 2003ல் வந்தது, அப்புறம் லெனலிடோமைடு. அதற்கு முன்னால் மூன்று வருடம் என்றாலே பெரிய விஷயம். இப்போது அமெரிக்கப் பதிவேட்டில் பத்துப் பேரில் ஆறு பேர் ஐந்து வருடத்தைத் தாண்டுகிறார்கள், பலர் அதற்கு மேலும் போகிறார்கள். அப்பா எடுத்துக்கொள்வது அந்த வரிசை மருந்துகளைத்தான். உணவு இந்த வேலையைச் செய்யாது. அப்படியானால் உணவுக்குப் பங்கே இல்லையா என்றால், இருக்கிறது, ஆனால் எந்தக் கட்டத்தில், யாருக்கு என்பதைப் பொறுத்து அது தலைகீழாக மாறும். வாட்ஸ்அப் பட்டியல்கள் சறுக்குவதும் இந்த இடத்தில்தான்.

நோய் வருவதற்கு முன்னால் பார்த்தால், அதிக உடல் எடை மைலோமா வரும் வாய்ப்பைக் கூட்டுகிறது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு 2016ல் உறுதியாகவே சொன்னது. அமெரிக்காவில் செவிலியர்களையும் மருத்துவத் துறை ஆண்களையும் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வுகளில், நோய் வருவதற்கு முன்பே காய், பழம், முழுத்தானியம், பருப்பு என்று நல்ல சாப்பாட்டுப் பழக்கம் இருந்தவர்கள், மைலோமா வந்த பிறகும் அந்த நோயால் இறப்பது குறைவாக இருந்தது. நியூயார்க்கில் மைலோமாவுக்கு முந்தைய நிலையில் இருந்த 20 பேருக்கு மூன்று மாதம் நார்ச்சத்து மிகுந்த தாவர உணவை மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள், எடை குறைந்தது, குடல் பாக்டீரியாக்கள் நல்லபடி மாறின, ஓரிருவருக்கு நோய் முன்னேறும் வேகமும் குறைந்த மாதிரி தெரிந்தது. நல்ல ஆய்வுதான், சின்ன ஆய்வு. ஆனால் அதில் சேர்ந்தவர்கள் எல்லோரும் எடை கூடுதலாக இருந்தவர்கள், நோய் முற்றாதவர்கள், ஊசி போடாதவர்கள். அந்தச் செய்தியைப் படித்துவிட்டு, ஒன்பது கிலோ இழந்து ஊசியில் இருக்கும் ஒருவருக்கு முட்டையை நிறுத்துவது, பக்கத்து வீட்டுக்காரரின் மருந்துச் சீட்டில் நம் வீட்டுக்கு மாத்திரை வாங்குவது மாதிரி.

சிகிச்சையில் இருப்பவருக்கு உணவின் பங்கு வேறு. டாக்டர் திட்டமிட்ட மருந்தை, திட்டமிட்ட அளவில், தேதி தள்ளாமல் உடம்பு தாங்க வேண்டும். தசை கரைந்தவருக்கு மருந்தின் பக்கவிளைவு அதிகம், தொற்று சீக்கிரம் வரும், அளவைக் குறைக்க வேண்டிவரும், சுற்று தள்ளிப்போகும். 61 வயது என்றால் சில மாதத்தில் ஆட்டோலோகஸ் ஸ்டெம் செல் மாற்று சிகிச்சை, அதாவது அவருடைய ஸ்டெம் செல்களையே எடுத்து வைத்துத் திரும்பச் செலுத்தும் சிகிச்சை பற்றி டாக்டர் பேச வாய்ப்பு இருக்கிறது, அவர் தகுதியானவரா என்று பார்க்கும்போது வயதை மட்டும் பார்ப்பதில்லை, நடக்கிறாரா, எழுந்து உட்காருகிறாரா, எடை நிற்கிறதா என்றும் பார்ப்பார்கள். அந்தக் கதவு திறந்திருக்க வேண்டுமானால் இன்றிலிருந்தே அவர் சாப்பிட வேண்டும். உங்கள் கேள்விக்கு என்னிடம் இருக்கும் நேர்மையான பதில் இதுதான்.

எவ்வளவு என்று கேட்பீர்கள். புற்றுநோய்க்காரர்களுக்கு ஐரோப்பிய ஊட்டச்சத்து நிபுணர்கள் வகுத்த அளவு, கிலோவுக்கு 25 முதல் 30 கலோரி, புரதம் ஒரு கிராமுக்கு மேல், முடிந்தால் ஒன்றரை கிராம் வரை. 59 கிலோவுக்குக் கணக்குப் போட்டால் 1,700 கலோரி சொச்சம், புரதம் 75 முதல் 85 கிராம். நம்ம ஊர்ச் சாப்பாட்டில் இது கஷ்டமே இல்லை. காலையில் ஒரு டம்ளர் பால், மூன்று இட்லி, கெட்டிச் சாம்பார், முழுதாக வெந்த இரண்டு முட்டை, இதிலேயே 25 கிராம் தாண்டிவிடும். பதினோரு மணிக்கு ஒரு கிண்ணம் சுண்டல். மத்தியானம் சாதம், பருப்பு, இரண்டு துண்டு மீனோ கோழியோ, தயிர். சாயங்காலம் ஒரு கைப்பிடி வேர்க்கடலை அல்லது பொட்டுக்கடலை, கடைக்காரர் வீட்டில் இதற்கா பஞ்சம். ராத்திரி இரண்டு அடை. எண்பதைத் தொட்டுவிடும். சைவம் மட்டும்தான் என்றால் பனீரும் சோயாவும் சேர்த்துக்கொள்ளுங்கள். கிரியாட்டினின் 1.3 என்பது கொஞ்சம் கவனிக்க வேண்டிய அளவு, அதற்காகப் புரதத்தை வெட்ட வேண்டியதில்லை, ஆனால் அது ஏறினால் புரதம், இளநீர், வாழைப்பழம், உப்பு இவற்றின் அளவை சிறுநீரக மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்ய வேண்டும். தண்ணீர் ஒரு நாளைக்கு இரண்டரை முதல் மூன்று லிட்டர், இதயத்தில் பிரச்சினை இருப்பதாகவோ தண்ணீரைக் குறைக்கச் சொல்லியோ இருந்தால் மட்டும் வேறு கணக்கு. மைலோமாக்காரரின் சிறுநீரகத்துக்குத் தண்ணீர்தான் முதல் மருந்து என்று எங்கள் வார்டில் சொல்வோம்.

எழுதுவது சுலபம், அவர் சாப்பிட வேண்டுமே! மூன்று வேளைத் தட்டை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்து "இன்னும் ரெண்டு வாய், இன்னும் ரெண்டு வாய்" என்று நச்சரிக்காதீர்கள், தட்டைப் பார்த்தாலே வெறுப்பு வந்துவிடும். ஆறு தடவை கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். பசி இருக்கும் நேரம் பெரும்பாலும் காலைதான், நல்ல சத்தான சாப்பாட்டைக் காலையிலேயே கொடுத்துவிடுங்கள். வாய் துருப்பிடித்த மாதிரி இருக்கிறது என்பார், அப்போது கறியும் மீனும் கசக்கும், தயிர் சாதம், மோர்க்குழம்பு, எலுமிச்சை சாதத்தோடு முட்டை என்று மாற்றிப் பாருங்கள், ஆறின சாப்பாட்டில் வாசனை குறைவு, குமட்டல் இருப்பவருக்கு அது தோதுப்படும். இந்த ஊசியில் மலச்சிக்கல் சகஜம், அதற்குக் கீரை, கொய்யா, தண்ணீர், போதாவிட்டால் மருந்து. லெனலிடோமைடு சிலருக்கு மாதக்கணக்கில் வயிற்றுப்போக்கைக் கொடுக்கும், அப்போது எண்ணெய், நெய்யைக் குறைத்தால் நிற்கிறதா என்று பாருங்கள், டாக்டரிடமும் சொல்லுங்கள், அதற்குத் தனி மருந்து இருக்கிறது. அப்புறம், சாப்பிட்ட புரதம் தசையாக வேண்டுமானால் கால் அசைய வேண்டும். முதுகெலும்பு விஷயம் என்பதால் எவ்வளவு நடக்கலாம் என்று டாக்டரைக் கேட்டுவிட்டு, கடை வாசல் வரையாவது தினம் நடக்க வையுங்கள். குனிவது, அரிசி மூட்டையில் கை வைப்பது கூடவே கூடாது.

சுத்தம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அடுத்து யாராவது "பச்சையாக எதுவும் தொடக் கூடாது, பழமும் கூடாது, எல்லாவற்றையும் குக்கரில் வேகவைத்துத்தான் கொடுக்க வேண்டும்" என்று கிளப்புவார்கள். ஹூஸ்டனில் கடுமையான ரத்தப் புற்றுநோய்க்கு கீமோ எடுத்த 153 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு வேகவைத்தது மட்டும், மறு பாதிக்குப் பழமும் காய்கறியும் பச்சையாகவும் கொடுத்தார்கள். 2008ல் வெளியான முடிவில் பெரிய தொற்றிலும் சரி, உயிர் பிழைப்பதிலும் சரி, இரண்டுக்கும் சொல்லிக்கொள்ளும் வித்தியாசம் இல்லை. இத்தாலியில் 200 பேருக்கு மேல் வைத்துச் செய்து 2023ல் வந்த ஆய்வும் அதே பக்கம்தான் சாய்ந்தது. ஆனால் ஹூஸ்டன் ஆஸ்பத்திரி சமையலறை வேறு, நம்ம பஸ் ஸ்டாண்ட் சட்னி வேறு, அதை மறந்துவிடக் கூடாது. எனவே என் நடுவழி: வீட்டில் நன்றாகக் கழுவித் தோலுரித்த வாழைப்பழம், சாத்துக்குடி, மாதுளை, ஆரஞ்சு கொடுக்கலாம். கொதித்த தண்ணீர், காய்ச்சிய பாலில் அன்றன்று உறை ஊற்றிய தயிர். வெளியே வெட்டி வைத்த பழம், கரும்புச் சாறு, ஐஸ், பச்சைச் சட்னி, அரைவேக்காட்டு முட்டை வேண்டாம். பழைய சோறு குடலுக்கு நல்லது என்று நானே மற்றவர்களுக்குச் சொல்வேன், ஆனால் இவருக்கு இப்போது வேண்டாம். ரத்தத்தில் நியூட்ரோபில், அதாவது கிருமிகளை எதிர்க்கும் ஒரு வகை வெள்ளை அணு, எண்ணிக்கை 500க்குக் கீழே போய்விட்டது என்று சொன்னால் இன்னும் கறாராக இருங்கள், அந்த நாள்களில் ஆஸ்பத்திரி சொல்வதே சட்டம். காய்ச்சல் 100.4 தொட்டால் கசாயம் வைத்துப் பார்க்காமல் நேரே ஆஸ்பத்திரி.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை, ரத்தப் புற்றுநோய் என்பது ஒரு நோய் அல்ல, இந்தப் பதிலை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். சிஎம்எல் என்ற நாள்பட்ட ரத்தப் புற்றுநோய் வகைக்கு இமாட்டினிப் மாத்திரை எடுப்பவர் அதைச் சாப்பாட்டோடும் நிறையத் தண்ணீரோடும் போட வேண்டும். அதே நோய்க்கு நிலோட்டினிப் எடுப்பவர், சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் போட்டு, அப்புறம் ஒரு மணி நேரம் எதுவும் சாப்பிடக் கூடாது, உணவோடு போட்டால் மருந்து ரத்தத்தில் அளவுக்கு மேல் ஏறி இதயத் துடிப்பைக் கெடுக்கலாம். இருவருமே பம்பளிமாஸ் பழத்தையும் அதன் உறவான கிரேப்ஃப்ரூட்டையும் தவிர்ப்பது நல்லது. லூகேமியா வந்த பிள்ளைகளில் ஊட்டச்சத்துக் குறைந்தவர்கள் சிகிச்சையைத் தாங்காமல் போவதை மத்திய அமெரிக்க நாடுகளின் ஆய்வுகள் காட்டின. மறுபக்கம் அமெரிக்காவில் பத்து வயதுக்கு மேற்பட்ட 40 பேருக்கு முதல் மாதச் சிகிச்சையிலேயே கலோரியைக் கொஞ்சம் குறைத்து உடற்பயிற்சியும் கொடுத்தபோது மிச்சமிருக்கும் நோய்ச் செல்கள் குறைந்தன, 2021ல் வந்த ஆய்வு. அதையும் ஆஸ்பத்திரி ஆலோசகர்கள் கூடவே நின்று செய்தார்கள், வீட்டில் தானாகச் செய்கிற விஷயம் அல்ல. ஒல்லிப் பிள்ளைக்கு ஒன்று, குண்டுப் பிள்ளைக்கு வேறொன்று.

உங்களுக்கு வருகிறேன். இந்த வாரம் செய்ய வேண்டியது மூன்றே வேலை. கிரீன் டீயையும் சாறுகளையும் நிறுத்திவிட்டு, இதுவரை கொடுத்தவை எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி அடுத்த ஊசி நாளில் டாக்டரிடம் காட்டுங்கள், திட்டுவார் என்று மறைக்காதீர்கள். முட்டையும் பருப்பும் பாலும் திரும்ப வரட்டும். ஒரே தராசில், காலையில், வாரம் ஒரு நாள் எடை பாருங்கள். இரண்டு வாரத்தில் 59 அப்படியே நின்றாலே எனக்கு வெற்றிதான், கூட வேண்டும் என்று அவசரப்படாதீர்கள். அதற்கும் கீழே இறங்கினால் உங்கள் ஆஸ்பத்திரி உணவு ஆலோசகரை நேரில் பாருங்கள், சத்து மாவோ பானமோ எது என்று அவர் பார்த்துச் சொல்லட்டும்.

எண்ணெய் பரோட்டா. விருதுநகர்க்காரர் வேறு என்ன கேட்பார்! வெள்ளை அணுக்கள் 4,200 என்று எழுதியிருக்கிறீர்கள், நியூட்ரோபிலும் நன்றாக இருக்கிறதா என்று ரிப்போர்ட்டில் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். இருந்தால், சட்டியிலிருந்து எடுத்த சூட்டோடு ஒன்று வாங்கி வாருங்கள், ஆறிக் கிடந்ததை வேண்டாம். சால்னாவை வீட்டில் மறுபடி கொதிக்க விட்டு, கோழித் துண்டு இரண்டு போட்டுக் கொடுங்கள். பச்சை வெங்காயம் வேண்டாம். ஊசி நாளிலும் மறுநாளும் வேண்டாம், சர்க்கரை ஏறும். மற்றபடி அவர் கேட்டுச் சாப்பிடுகிறார் என்பதே எனக்கு நல்ல செய்தி. முழுசாகச் சாப்பிட்டாரா, பாதியில் வைத்துவிட்டாரா என்று அடுத்த கடிதத்தில் எடையோடு சேர்த்து எழுதுங்கள்.